கப்பா, கிராமா? பலகாரம் சொதப்பினால் அளவில் எங்கே தேடுவது

குறிப்பில் இருந்தபடியேதான் எல்லாம் போட்டேன், ஆனாலும் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். குறிப்பு எந்த அளவையில் இருந்தது, நீங்கள் எந்த அளவையில் எடுத்தீர்கள்? பெரும்பாலும் வரும் பதில்: "கொஞ்சம் கப், கொஞ்சம் கிராம்." சிக்கல் அங்கேதான்.

முழுக் குறிப்பும் ஒரே கப்பில் இருந்தால் அதை கிராமுக்கு மாற்றவே வேண்டாம். உங்கள் வீட்டு டம்ளர் 180 மில்லி பிடித்தாலும் சரி, 300 மில்லி பிடித்தாலும் சரி, எல்லாப் பொருளையும் அதிலேயே அளந்தால் விகிதம் மாறாது, பண்டம் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், அவ்வளவுதான். முழுக் குறிப்பும் கிராமில் இருந்தால் தராசில் நிறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மாவு கப்பில், வெண்ணெய் கிராமில், முட்டை எண்ணிக்கையில், தண்ணீர் லிட்டரில் என்று அளவைகள் கலக்கும் இடத்தில்தான் வினை. கீழே ஒவ்வொரு கோளாறையும் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் சரிசெய்யும் முன்: உங்கள் கப் எவ்வளவு பிடிக்கிறது?

டிஜிட்டல் தராசைச் சமையல் மேடையில் தட்டையான இடமாகப் பார்த்து வையுங்கள். காலி டம்ளரை மேலே வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். இப்போது விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிதான் அந்த டம்ளர். தண்ணீருக்கு மட்டும்தான் இந்த வசதி, ஒரு மில்லி ஒரு கிராம். பாலுக்கே இது லேசாக மாறும், மாவுக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

சரி, குறிப்பில் உள்ள கப் எது? அமெரிக்கக் கப் 237 மில்லி, கணக்குக்கு வசதியாக 240 என்பார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானில் சமையல் கப் 200, ஆனால் அவர்களுடைய ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் 284 வரை போகும். ரங்கநாதன் தெருவில் வாங்கும் பிளாஸ்டிக் அளவுக் கப் செட்டில் 240 அல்லது 250 என்று கைப்பிடியிலோ அடியிலோ பொறித்திருக்கும், எழுதியிருப்பதை நம்பாமல் ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். 240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான சமையலில் தெரியவே தெரியாது. 180க்கும் 240க்கும் உள்ளது தெரியும்.

இனி எடை. 240 மில்லி கப்பில் தலை தட்டி எடுத்தால் மைதா சுமார் 125 கிராம், கோதுமை மாவும் அதை ஒட்டித்தான். கடலை மாவு 100 கிராமைத் தொட்டால் அதிகம். பாக்கெட் அரிசி மாவு 155 முதல் 160. ரவை 165 முதல் 170. சர்க்கரை 200, அதையே பொடித்தால் 120. பச்சரிசி, இட்லி அரிசி, உளுந்து எல்லாம் 190க்கும் 200க்கும் நடுவில். எண்ணெயும் உருக்கிய நெய்யும் 220ஐ ஒட்டி. வெண்ணெய் 227. பால் 247. தேன் 340. தூள் உப்பு 290. கோகோ தூள் 85 முதல் 100. இணையத்தில் "1 கப் = 240 கிராம்" என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்குப் போடும் பக்கங்களைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள். அது தண்ணீர்க் கணக்கு.

கேக் கட்டையாக இருக்கிறது, மேலே நடுவில் வெடித்திருக்கிறது

ஓவன் மேல் பழி போடும் முன் மைதாவைப் பாருங்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரே கப்பில் மூன்று விதமாக எடுத்து நிறுத்தால் விஷயம் புரியும். சலித்துவிட்டுக் கரண்டியால் மெல்லப் போட்டு நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்தால் 115 கிராம் வரும். சலிக்காமல் கரண்டியால் போட்டு வழித்தால் 125. கப்பை டப்பாவுக்குள் அப்படியே விட்டு அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, மேலே இன்னும் கொஞ்சம் போட்டு வழித்தால் 150ஐத் தாண்டும். மூன்றுமே "ஒரு கப் மைதா"தான். மூன்று கப் மைதா கேட்கும் கேக்கில் கடைசி முறைப்படி எடுத்தால் 75 கிராம், அதாவது அரைக் கப்புக்கு மேல், கூடுதலாகப் போய்விடுகிறது. முட்டையும் பாலும் அதே அளவில் இருக்க மாவு மட்டும் கூடினால் கேக் கட்டையாகாமல் என்ன செய்யும்?

தீர்வு சுலபம். குறிப்பில் கிராம் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கப்பைத் தொடாதீர்கள். கொடுக்கவில்லை என்றால் 125 என்று வைத்துத் தொடங்குங்கள். அமெரிக்காவிலேயே ஒரு கப் மைதாவை 120 கிராம் என்று எடுப்பவர்களும் உண்டு, 142 என்று எடுப்பவர்களும் உண்டு. குறிப்பை எழுதியவர் வேறெங்காவது தன் கப் எத்தனை கிராம் என்று சொல்லியிருக்கிறாரா என்று தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 125ல் செய்து பார்த்து, கலவை ஓடினால் அடுத்த முறை 135.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் மாவுக்குள்ளும் போகும். டப்பாவில் மைதா கட்டி கட்டியாக இருந்தால் கப் கணக்கு இன்னும் தாறுமாறாகும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே காலியிடம், கட்டிக்குள் அழுத்தமான மாவு. சலித்து, அப்புறம் நிறுத்துப் போடுங்கள்.

மைசூர்பாகு வாயில் போட்டால் மாவு மாவாக, தொண்டையை அடைக்கிறது

தீபாவளி சமயத்தில் அதிகம் காதில் விழுவது இதுதான். குறிப்பு சொல்வது: ஒரு பங்கு கடலை மாவு, இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய். இது பங்கு, அதாவது கப். கால் கிலோ மாவு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிட்டு, ஒன்றுக்கு இரண்டு என்று அரைக் கிலோ சர்க்கரையும் அரை லிட்டர் நெய்யும் போட்டால் கதை முடிந்தது. கடலை மாவு எடை குறைந்த பொருள், ஒரு கப் 100 கிராம்தான். சர்க்கரை ஒரு கப்பே 200. எனவே கப்பில் ஒன்றுக்கு இரண்டு என்பது எடையில் ஒன்றுக்கு நான்கு. கால் கிலோ மாவு இரண்டரைக் கப். அதற்கு ஐந்து கப் சர்க்கரை, அதாவது ஒரு கிலோ, அப்புறம் ஐந்து கப் நெய், அதாவது 1200 மில்லி வேண்டும். அரைக் கிலோ சர்க்கரையில் முடித்தவர் தெரியாமலேயே மாவை இரட்டிப்பாக்கிவிட்டார்.

நெய் விலையைப் பார்த்து மயக்கம் வருகிறது என்றால் மாவைக் குறையுங்கள், விகிதத்தில் கை வைக்காதீர்கள். இன்னொன்று, நெய்யைக் கப்பில் அளப்பதானால் உருக்கிவிட்டு அளக்க வேண்டும். மார்கழிக் காலையில் சென்னையிலேயே நெய் மணல் மணலாக உறைந்து நிற்கும், அப்படியே கரண்டியால் கப்பில் அள்ளினால் இடைவெளி விழுந்து 20, 30 கிராம் குறையும். நிறுத்தால் இந்தத் தொல்லை இல்லை, உறைந்த நெய்யும் உருகிய நெய்யும் எடையில் ஒன்றுதான்.

அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகிறது

பாகுப் பதம் தப்பினாலும் இது நடக்கும், அது தனிக் கதை. அளவுப் பக்கம் பார்க்க வேண்டியது இது. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று சொல்லும்போது அந்த ஒரு கிலோ ஊற வைப்பதற்கு முன் இருந்த அரிசி. ஊறி, வடிந்து, ஈரத்தோடு அரைத்துச் சலித்த பிறகு அதே மாவு 1250 முதல் 1300 கிராம் வரை இருக்கும், கூடியது முழுக்கத் தண்ணீர். இந்த ஈர மாவை நிறுத்து, அதற்கு முக்கால் பங்கு வெல்லம் போட்டால் 940 முதல் 975 கிராம் வரை போய்விடுகிறது. வெல்லம் கூடினால் மாவு இளகும், எண்ணெயில் பிரியும்.

மெஷினில் அரைத்துக்கொண்டு வரும்போது ஊற வைத்த அரிசி எத்தனை கிலோ என்பதை ஒரு சீட்டில் எழுதித் தூக்கு மூடியில் ஒட்டிவிடுங்கள். மாவை நிறுத்துவதற்கு வேலையே இல்லை.

கப் குறிப்பாக இருந்தால் வெல்லத்தில் இன்னொரு குழி இருக்கிறது. உடைத்த உருண்டை வெல்லத்தைக் கப்பில் போட்டால் பாதி காற்று. அதையே தூளாக்கி அழுத்தினால் எடை ஒன்றரை மடங்குக்கும் போகலாம். "ஒரு கப் வெல்லம்" என்று மொட்டையாக எழுதியிருக்கும் குறிப்பை நான் நம்புவதில்லை. துருவி, அழுத்தாமல் ஒரு கப் எடுத்து நிறுத்துப் பார்த்து, அந்த எடையை வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஏற்கனவே இளகிவிட்ட மாவு என்றால் கொஞ்சம் அரிசி மாவு தூவிப் பிசைந்து ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள்.

பிரியாணி அரிசி நறுக்கென்று நிற்கிறது, அல்லது குழைந்துவிட்டது

விசேஷத்துக்குப் பிரியாணி போடும் பாய்களிடம் கேட்டால் கிலோவில் அரிசி, கிலோவில் கறி, லிட்டரில் தண்ணீர் என்று கணக்குச் சொல்வார்கள். வீட்டில் அம்மாக்கள் கப்பில் சொல்வார்கள். இரண்டையும் கலக்கும்போது சோறு சொதப்புகிறது.

சீரகச் சம்பா ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கிலோ அரிசி 240 மில்லி கப்பில் ஐந்து கப். தண்ணீர் பத்துக் கப், 2400 மில்லி. ஆனால் "ஒன்றுக்கு இரண்டு" என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் ஊற்றுபவர் 400 மில்லி குறைத்துவிடுகிறார், அரிசி உள்ளே நரம்பு நரம்பாக நிற்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. பாய் "கிலோவுக்கு ரெண்டு லிட்டர்" என்று சொன்னதை வீட்டில் ஒரு கப்புக்கு இரண்டு கப் என்று மாற்றினால், 200 கிராம் அரிசிக்கு 400 மில்லி போக வேண்டிய இடத்தில் 480 போகும், குழையும். ஒரு லிட்டர் அரிசி ஒரு கிலோ கிடையாது, 800 கிராமை ஒட்டித்தான் என்பது பிடிபட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிலோ அளவு அப்படியே பெருகினாலும் ஆவியாகிப் போகும் தண்ணீர் அதே விகிதத்தில் பெருகாது. நாலு கிலோ போடும்போது கணக்கில் வரும் தண்ணீரிலிருந்து கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஊற்றுவது நல்லது.

ரைஸ் குக்கரில் சோறு குழைகிறதா, அல்லது நறுக்கென்று நிற்கிறதா? குக்கரோடு வந்த கப் தொலைந்துபோய், வீட்டு டம்ளரில் அரிசி போட்டு, பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அந்தக் கோடுகள் அந்தக் கப்புக்கு மட்டும்தான். 180 மில்லிக் கப் என்றால் ஒரு கப் அரிசி சுமார் 150 கிராம், கப் கிடைக்காவிட்டால் அப்படி நிறுத்துப் போடுங்கள்.

பாட்டி சொன்ன அளவு ஒத்துவரவில்லை

"பாட்டி, ஒரு ஆழாக்குன்னா எத்தனை கிராம்?"

"கிராமெல்லாம் எனக்குத் தெரியாதுடா கண்ணா. அந்த எவர்சில்வர் உழக்குல தலை தட்டி ரெண்டு போடு, போதும்."

பாட்டி சொல்வதில் தப்பே இல்லை, அவர் கையில் இருக்கும் உழக்கு உங்கள் கையில் இல்லை என்பதுதான் பிரச்சினை. வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியைப் படி என்றே சொல்லும் ஊர்களில் எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்த விகிதத்தை நம்பலாம். ஆனால் படி எவ்வளவு பெரியது என்பது ஊருக்கு ஊர் மாறியது, பட்டணம் படி வேறு, தெற்கே போனால் வேறு. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956ல் வந்து, 1958லிருந்து படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைக்குள் நுழைந்த பிறகும் வீட்டுப் பரணில் இருந்த உழக்குகள் அப்படியே இருந்தன. ஆழாக்குக்கு 168 மில்லி என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. உங்கள் வீட்டு ஆழாக்கு அதுதானா என்பதைத் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் குறிப்பை ஒருமுறை பாருங்கள். எல்லாமே ஆழாக்கிலும் உழக்கிலும் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், எட்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று உங்கள் டம்ளரிலேயே அளந்துவிடலாம். நடுவில் "அரைக் கிலோ வெல்லம்" என்று கிலோ தலைகாட்டினால் மட்டும்தான் ஆழாக்கின் உண்மையான அளவு தேவைப்படும்.

தலை தட்டியா, குவித்தா என்று கேட்க மறக்காதீர்கள். அரிசியைக் குவித்து அளந்தால் கூம்பாக மேலே நிற்பது சின்ன ஆழாக்கில் கூடக் கணிசமாக இருக்கும், வாய் அகலமான பாத்திரத்தில் இன்னும் அதிகம். தானியத்துக்குக் குவித்தும் எண்ணெய்க்குத் தட்டையாகவும் அளந்து பழகியவர்கள் அதைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

மாவடு உப்புக் கரிக்கிறது

ஒரு படி மாவடுவுக்கு ஒரு ஆழாக்குக் கல் உப்பு என்று போடும் வீடுகள் உண்டு. கல் உப்பு இல்லையென்று அதே ஆழாக்கில் தூள் உப்பு போட்டால் கரிக்கத்தான் செய்யும். கல்லுக்குக் கல் இடைவெளி, தூளில் அந்த இடைவெளி நிரம்பிவிடுகிறது. கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வித்தியாசம். உப்பைப் பொறுத்தவரை கொள்ளளவை நம்பவே கூடாது, கல் உப்பு ஒரு ஆழாக்கு எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதிவைத்துக்கொண்டு, தூள் போடும்போது அதே எடை போடுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளிலும் இதே தொல்லைதான். அங்கே கோஷர் உப்பு என்று ஒன்றைச் சொல்வார்கள், அதில் ஒரு வகை ஒரு டீஸ்பூன் 3 கிராம்கூட வராது, இன்னொரு வகை 5 கிராமை ஒட்டும். நம் வீட்டுத் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். எந்த வகை என்று சொல்லாத குறிப்பில் பாதி போட்டு, ருசி பார்த்துக் கூட்டுவதுதான் பிழைக்கும் வழி.

குக்கீ தட்டு முழுக்கப் பரவிவிடுகிறது, எண்ணெய் கசிகிறது

அமெரிக்கக் குறிப்பில் "ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்றால் 113 கிராம், அரைக் கப். இங்கே கிடைக்கும் அமுல் 100 கிராம் கட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட, அந்தக் கட்டியையே ஸ்டிக்காக வைத்துக்கொண்டாலும் குடிமுழுகிப் போகாது. பரவுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யையோ எண்ணெயையோ அதே எடைக்குப் போடுவதுதான். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய், அதோடு ஒரு டேபிள்ஸ்பூன் பாலோ தண்ணீரோ.

வெண்ணெய் கேட்ட அளவே இருந்தும் பரவினால், மாவைச் சலித்துக் காற்றோடு அளந்து குறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வெயில். மே மாதம் சென்னையில் பிசைந்த மாவை ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைக்காமல் தட்டில் வைப்பதில் அர்த்தமில்லை.

"8 அவுன்ஸ்" என்றிருக்கிறது, ஒரு கப் போட்டேன், தவறிவிட்டது

அவுன்ஸ் இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு, அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41. எட்டு அவுன்ஸ் ஒரு கப் என்பது திரவ அவுன்ஸுக்கு மட்டும். 8 அவுன்ஸ் சாக்லேட் சிப்ஸ் 227 கிராம், ஆனால் ஒரு கப் சிப்ஸ் 170 கிராம்தான். 14 அவுன்ஸ் கண்டென்ஸ்டு மில்க் டின் 397 கிராம், அளந்து பார்த்தால் 300 மில்லியை ஒட்டித்தான் இருக்கும், அவ்வளவு கெட்டியான சரக்கு. இங்கே வாங்கும் டின் அதே எடையா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைண்ட் என்று வந்தால் அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568. ஆஸ்திரேலியக் குறிப்பில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. நாலு டேபிள்ஸ்பூன் சோள மாவில் இந்த வித்தியாசம் புட்டிங்கை ரப்பராக்கிவிடும்.

தராசில் நிறுத்தும் தவறுகிறது

இதில்தான் பலர் திணறுகிறார்கள், ஏனென்றால் தராசு பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. சொல்லும்.

முதலில் திரையில் கிராம் என்று இருக்கிறதா, மில்லி என்று இருக்கிறதா என்று பாருங்கள். மில்லி பொத்தான் தண்ணீர்க் கணக்கு வைத்துத்தான் ஓடுகிறது. எண்ணெயை அதில் 200 மில்லி என்று நிறுத்தால் உண்மையில் வந்தது 217 மில்லி, தேனை நிறுத்தால் 141. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சடித்திருப்பது இதனால்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. பொத்தானைத் தெரியாமல் தட்டி அவுன்ஸுக்கு மாற்றிவிடுவதும் நடக்கும், எண் திடீரென்று மிகச் சின்னதாகத் தெரிந்தால் அதுதான்.

எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால் மின்விசிறியை நிறுத்துங்கள். அகலமான தட்டில் மாவை வைத்து விசிறிக்கு அடியில் நிறுத்தால் காற்றே சில கிராம் அழுத்தும். பாட்டரி இறங்கினாலும் ஆடும். எதையாவது சிட்டிகை சிட்டிகையாகத் தூவும்போது எண் ஏறவே இல்லை என்றால் தராசு அந்தச் சின்ன மாற்றத்தைப் பூஜ்யத்தின் நடுக்கம் என்று நினைத்து விழுங்குகிறது. தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மொத்தமாகக் கொட்டுங்கள். மாவைப் போட்டுவிட்டு அலமாரியில் சர்க்கரை தேடும் நேரத்தில் தராசு தானாக அணைந்து, டேர் மறந்துபோவது தனி எரிச்சல். எல்லாப் பொருளையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவதைத் தவிர வழியில்லை.

தராசு சரிதானா என்று பார்க்க எடைக்கல் வாங்க வேண்டாம். நம் ஊரில் சில கடைகளில் வாங்கவே மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும் பத்து ரூபாய் நாணயம் இங்கே கைகொடுக்கும். அது ஒன்று 7.7 கிராம், பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். பெரிய எடைக்கு அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்: பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் உறையோடு 515 முதல் 520 கிராம் வரும். இரண்டுமே ஒத்துவந்தால் தராசை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

ஈஸ்ட், சோடா உப்பு, ஏலக்காய்த் தூள் மாதிரி 5 கிராமுக்குக் கீழே போவதைச் சமையல் தராசில் நிறுத்தாதீர்கள். ஒரு கிராம் படியில் ஓடும் தராசில் 3 கிராம் என்று காட்டுவது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். இங்கே மட்டும் நான் கொள்ளளவின் பக்கம். 5 மில்லி டீஸ்பூனில் தலை தட்டி எடுங்கள், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் 3 கிராம், 7 கிராம் பாக்கெட் என்றால் இரண்டேகால் டீஸ்பூன். காபி கலக்கும் ஸ்பூன் டீஸ்பூன் ஆகாது. அது 3 மில்லியும் பிடிக்கும், 7 மில்லியும் பிடிக்கும்.

இட்லி கல்லு மாதிரி வருகிறது

அளவு மாற்றத்தால் அல்ல. இட்லி அரிசியும் முழு உளுந்தும் கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரே எடைதான், நாலுக்கு ஒன்று என்பதை டம்ளரில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் ஒன்றுதான். பழைய உளுந்து, ஆட்டிய பதம், புளிப்பு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். அவல் சேர்ப்பவர்கள் மட்டும் கவனிக்கவும், அவல் கப்புக்கு அரிசியின் எடையில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

குறிப்பைப் பாதியாக்கினேன், மூன்று முட்டையை என்ன செய்ய?

அமெரிக்கக் குறிப்பில் பெரிய முட்டை என்பது ஓடு நீக்கி 50 கிராம். மூன்றுக்கு 150, பாதி 75. நம் கடையில் வரும் நாமக்கல் முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இரண்டு முட்டையை உடைத்து லேசாக அடித்து, தராசில் 75 கிராம் ஊற்றிக்கொள்ளுங்கள். மிஞ்சுவதில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்தால் கேக் வேகும் நேரத்துக்கு ஒரு குட்டி ஆம்லெட்.